மூன்றாவது மங்கு

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து ஸ்கூடாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சமூக மண்டபம் இருக்கிறது. போன சனிக்கிழமை அங்கே ஒரு வகுப்பு நடந்தது. வீட்டு வரவுசெலவை நிஜ வாழ்க்கையை வைத்தே கற்றுக்கொடுக்கிறார்களாம். சின்ன மருமகள் ரேவதி கிளம்பிக்கொண்டே, "நீங்களும் வாங்க அத்தை, வீட்ல தனியா ஒக்காந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். எண்பது வயதில் சிக்கனம் கற்றுக்கொண்டு நான் எந்தக் கோட்டையைக் கட்டப் போகிறேன்? ஆனால் டீயும் பலகாரமும் உண்டு என்று சொன்னாளே, அதற்காகப் போனேன். உள்ளதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

வகுப்பு எடுத்தது பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தமிழ்ப் பெண். நல்ல பிள்ளை, சிரித்த முகம். ஆளுக்கு ஒரு கட்டு விளையாட்டு நோட்டும் ஓர் அட்டையும் கொடுத்தாள். என் அட்டையை ரேவதிதான் படித்துச் சொன்னாள். 'உங்கள் கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது. எந்தெந்தச் செலவைக் குறைப்பீர்கள்?'

எனக்குச் சுர்ரென்று ஏறியது கோபம். அட என் தாயே, இதெல்லாம் அட்டையில் எழுதி விளையாடுகிற சமாச்சாரமா? எழுந்து வீட்டுக்கே போயிருப்பேன். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. கூடவே அன்னாசி ஜாம் வைத்துச் சுட்ட பலகாரம். ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனேன். அவ்வளவுதான், மண்டபமும் இல்லை, ரேவதியும் இல்லை. தலையில் ஓர் அன்னாசிக் கூடையோடு நான் கோத்தா திங்கித் தோட்டத்துப் பந்தலுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன்.

கூடைக்கு வருவதற்கு முன்னால் சோப்புக்கட்டியைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கூடை இல்லை.

என்னைக் கல்யாணம் பண்ணி மலாயாவுக்குக் கப்பலில் கூட்டிவந்தார் எங்கள் வீட்டுக்காரர். கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். லயம் என்கிற வரிசை வீட்டில் ஓர் அறை, முன்னால் அடுப்பு வைக்க ஓர் ஒதுக்கு. வீட்டுக்கு வாடகை இல்லை என்றார்கள். காய்ச்சல் வந்தால் மருந்துக்கும் காசு இல்லை. தண்ணீர் சும்மா, விறகு சும்மா. ஊரில் கிணற்றுக்கும் விறகுக்கும் கையேந்தி வளர்ந்தவள் நான். அட, சொர்க்கத்துக்கல்லவா வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்துக்கு முனையில் கங்காணியின் கடை. கங்காணி என்றால் எங்களையெல்லாம் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர். வேலைக்காட்டில் எங்களை மேய்த்ததும் அவரே. கடையும் அவருடையதுதான்; கல்லாவில் அவருடைய மச்சான் உட்கார்ந்திருப்பார். பெண்கள் போவார்கள், எண்ணெய் என்பார்கள், பருப்பு என்பார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருத்தி மடியிலும் ஒரு காசு அவிழ்ந்து நான் பார்க்கவில்லை. நான் என்ன நினைப்பேன்? வீடும் மருந்தும் கொடுக்கிற வெள்ளைக்காரத் தொரை இதையும் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் என்ன, ராணி மாதிரி வாங்கினேன். தேங்காய் எண்ணெய், வெல்லம், சிவப்பு ரிப்பன், வாசனைச் சோப்பு. அடுத்த அறைக்காரி பாக்கியத்துக்கும் ஒரு சோப்பு கொடுத்தேன். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று அவள் முழித்தாள். "வச்சுக்க அக்கா, தொரை குடுக்கறாரு" என்றேன் பெரிய மனசோடு. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். புதுப்பெண், கூச்சமில்லாமல் பழகுகிறாள் என்று மெச்சுகிறாளாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிக்க?

சம்பள நாளன்று எங்கள் வீட்டுக்காரர் சம்பள மேசையிலிருந்து திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நானும் புல்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெண்சாதியின் சம்பளத்தையும் புருஷன் கையில் கொடுப்பதுதான் அந்தத் தோட்டத்து வழக்கம்.

"எங்க?" என்றேன்.

"வந்திச்சு. அப்படியே கடைக்குப் போயிடிச்சு."

"என்னோடது?"

அவர் உள்ளே எட்டி, மாடத்திலிருந்த சோப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, இதான் ஒன்னோடது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ரெண்டு பேசியிருப்பேன். சிரித்தார். அதுதான் தாங்கவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாக்கியம் அவள் சோப்பைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள், பாதி கரைந்த சோப்பு.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு ஒன்று தீர்மானித்தேன். இனி அந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை. அடுத்த சம்பளத்துக்கு நானே மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கணக்கெழுதிச் சம்பளம் போடுகிற கிராணியார் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அவ வேல செஞ்சா, அவகிட்டயே குடுங்க" என்றார் இவர். பக்கத்தில் நின்ற கங்காணி 'உம்' என்று ஒரு சத்தம் போட்டார். அந்த 'உம்' எங்களைச் சும்மா விடவில்லை.

ரப்பர் மரத்தில் வெட்டினால் பால் வடியும் இல்லையா, அதைப் பிடிக்கிற பீங்கான் கிண்ணத்துக்கு எங்கள் பேச்சில் மங்கு என்று பெயர். விளிம்பு உடைந்த மங்குகளை ஸ்டோருக்குப் பின்னால் கொட்டி வைத்திருப்பார்கள். அதில் மூன்றைப் பொறுக்கிக் கழுவிச் சுவரோரம் வைத்தேன். முதல் மங்கு வயிற்றுக்கு. இரண்டாவது துணி, மருந்து, தீப்பெட்டி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது; விரலை விட்டுத் துழாவினால் எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்துவிடும். மூன்றாவது மங்கில் நான் காசு போட்டதைப் பார்த்து, "இது எதுக்கு?" என்று இவர் கேட்டார்.

"போக்குக் காசு."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போறதுக்கு இல்ல. போக முடியும்னு இருக்கறதுக்கு."

அவருக்கு அது உடனே புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கே அப்போது சரியாக விளங்கியதா என்பதும் சந்தேகம். சோப்பு கொடுத்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

அந்தக் கடையை விட்டுவிட்டுக் குடித்தனம் நடத்தினேன் பாருங்கள், அதுதான் வகுப்பு. அரிசி தோட்டத்தில் அளந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதில் ஏமாற்று இல்லை. மற்றதற்குச் சைக்கிளில் கருவாடும் மிளகாயும் கட்டிக்கொண்டு வருகிற வியாபாரி ஒருவர் இருந்தார், நானா என்று கூப்பிடுவோம். நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம், பொடிக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் ஊர்ச் செய்திகளையும் விற்பார். "கடன் மட்டும் கேக்காத தங்கச்சி, எனக்கு வசூல் பண்ணத் தெரியாது. இருக்கிற காசுக்கு இருக்கிறத வாங்கிக்க" என்பார். ஒரு கருவாட்டை நானும் பாக்கியமும் ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொள்வோம். தலை யாருக்கு என்று ஒவ்வொரு தடவையும் சண்டை வரும். மாதக் கடைசியில் முதல் மங்கு காலியாகிவிடும். அப்புறம் லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளிதான். மரவள்ளி அவியல், மரவள்ளிப் புட்டு, மரவள்ளி அடை. ஒரு நாள் இவர், "நாளைக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கையெடுத்துக் கும்பிட்டார்.

கால்வாய் ஓரம் அன்னாசியும் நட்டிருந்தேன். அது பாட்டுக்கு வளரும், யாரும் சீந்த மாட்டார்கள். ஆனால் வாசனை இருக்கிறதே, சாயங்கால மழைக்கு அப்புறம் லயமே மணக்கும்.

அந்த நேரத்தில்தான் ரப்பர் விலை படுத்தது. படுத்தது என்றால் சும்மா இல்லை, செத்தே போனது. முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள். பிறகு வேலை நாளைக் குறைத்தார்கள். அப்புறம் ஆளைக் குறைக்கத் தொடங்கினார்கள். விடியற்காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். அங்கே யார் பெயர் விட்டுப்போகிறதோ அவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பச் சிங்கப்பூரில் கப்பல் காத்திருக்கும். எந்தப் பெயரை விடுவது என்று தொரைக்கா தெரியும்? கங்காணி சொல்வதுதான்.

நான் அப்போது மாசமாக இருந்தேன். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. ஊரில் எங்களுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, வா என்று சொல்ல ஒரு வாய் இல்லை. கப்பல் தளத்தில் கிடந்து, வாந்தியெடுத்து, கரையேறி, எந்த மரத்தடியில் போய் இதைப் பெறுவது? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளையை ஒரு கூரைக்குக் கீழே பெற வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் கங்காணி தன் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்.

மொய் வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் பணத்தை வைத்தால், இன்னார் வீட்டு மொய் இவ்வளவு என்று ஒருவர் ஊர் கேட்கக் கூப்பிடுவார். எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரு தனிச் சடங்கு உண்டு. விசேஷத்துக்கு முன்னால் கங்காணியின் மச்சான் வீடு வீடாக வருவார். இந்த வீட்டுக்கு ரெண்டு வெள்ளி, அந்த வீட்டுக்கு மூன்று வெள்ளி என்று அவரே சொல்லி, கடைக்கணக்கில் கடனாக ஏற்றிவிட்டு, வெள்ளியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். வெள்ளி என்றால் இந்த ஊர் டாலர். காலையில் கடைக் கல்லாவிலிருந்து கிளம்பிய வெள்ளி பகலில் நம் கையைத் தொட்டு, தாம்பாளத்தில் ஏறி, சாயங்காலம் அதே கல்லாவுக்குத் திரும்பிவிடும். நமக்கு மிஞ்சுவது கடன். அவரிடமே கடன் வாங்கி அவருக்கே மொய் வைக்கிற கூத்தை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எங்கள் வாசலுக்கும் வந்தார். "ஒங்க வீட்டுக்கு ரெண்டு வெள்ளி" என்று நீட்டினார்.

"வேணாங்க" என்றேன்.

"வேணாம்னா? மொய் வைக்க வேணாமா?"

"வைப்போம். எங்ககிட்ட இருக்கறத வைப்போம்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு ரொம்ப அக்கறையாக, "கப்பல் போற காலம்மா இது, பாத்து நடந்துக்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாக்கியம் அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு ஓடிவந்தாள். "ஏண்டி, ஒனக்குக் கிறுக்கா? ரெண்டு வெள்ளிதானே, வாங்கி வச்சுட்டு வாய மூடிக்கிட்டுப் போயேன்!"

அவள் சொன்னது தப்பில்லை. மங்குகளுக்கு முன்னால் உட்கார்ந்து நானும் அதைத்தான் யோசித்தேன். முதல் மங்கில் ரெண்டு வெள்ளி இல்லை. இரண்டாவதில் இருப்பது பிரசவத்துக்கு. மூன்றாவதில் இருந்தது. ஆனால் அதை எடுத்து அவர் தாம்பாளத்தில் போட்டால் அப்புறம் அந்த மங்கு எதற்கு? கங்காணிமேல் எனக்குச் சொந்தப் பகை கிடையாது. அந்தப் பேரன்மேல் சத்தியமாகக் கிடையாது; கொழுகொழுவென்று தூக்கிக் கொஞ்சுகிற மாதிரி இருப்பான். என் பிள்ளைக்கு வைத்ததை எடுத்து அவனுக்குக் காது குத்த எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

காலையில் கால்வாய் ஓரம் போய்ப் பழுத்த அன்னாசியாகப் பார்த்து வெட்டினேன். ஒரு கூடை நிறைய. கூடையைத் தூக்க வந்த இவரிடம், "நான்தான் தூக்குவேன்" என்றேன்.

பிள்ளைத்தாய்ச்சி அன்னாசியைத் தின்றால் கரு கலைந்துவிடும் என்று நம் பெண்களுக்குப் பயம். தொடவே விடமாட்டார்கள். நானோ கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு பந்தலுக்குள் போகிறேன். கங்காணி பெண்சாதி, "அய்யய்யோ, மாசமா இருக்கிறவ அன்னாசியத் தூக்கிட்டு வராளே! யாராச்சும் எறக்குங்கடி!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். பாவம், அந்த அம்மாள் நிஜமாகவே பதறினாள்.

மொய் கூப்பிட உட்கார்ந்திருந்தவர் முத்தையா. எங்களோடு பால் வெட்டுகிறவர்தான். கட்டைக் குரல், மூன்றாவது மலை வரை கேட்கும். கூடையைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இறக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"என்னான்னு கூப்பிட?" என்றார் மெதுவாக.

"இருக்கறதச் சொல்லுங்க அண்ணே. அன்னாசி ஒரு கூடை. கடன் இல்ல."

அவர் கங்காணி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி (நான் சொல்ல மாட்டேன், பழக்கமில்லை), "...வீட்டு மொய், அன்னாசி ஒரு கூடை! கடன் இல்லை!" என்று கூப்பிட்டார். அடடா, என்ன குரல்! பந்தலில் மேளம் நின்றுபோனது. கடன் இல்லை என்று ஒரு மொய்யைக் கூப்பிட்டால், மற்ற மொய்யெல்லாம் என்ன என்று உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். மூலையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி அவளை இடித்தாள்.

கங்காணி எழுந்து இவரிடம் வந்தார். "ஒம் பொண்டாட்டிக்கு வாய் நீளம்" என்றார்.

"ஆமாங்க" என்றார் இவர்.

அவ்வளவுதான் சொன்னார். பணிந்து சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று கங்காணிக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அந்த ஒரு 'ஆமாங்க'வுக்காகவே அந்த மனுஷனோடு எத்தனை மரவள்ளிக்கிழங்கும் தின்னலாம்.

மறுநாள் பெரட்டில் எங்கள் பெயர் இல்லை. வேறு எப்படி இருக்கும்? சாயங்காலம் கங்காணியின் மச்சான் வந்தார். இப்போதாவது ரெண்டு வெள்ளியை வாங்கித் தாம்பாளத்தில் வைத்துக் கங்காணி காலில் விழுந்தால் பெயரைச் சேர்த்துக்கொள்வார்களாம். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். வாய் மட்டும் வழக்கம்போல முந்திக்கொண்டது. "கப்பலும் வேணாம், காலும் வேணாம்" என்றேன்.

மூன்றாவது மங்கைப் பாயில் கவிழ்த்தேன். சில வெள்ளிகளும் சில்லறையும் விழுந்தன. பெக்கான் நானாஸ் பக்கம் சீனத் தவுக்கேக்களின், அதாவது முதலாளிகளின், அன்னாசித் தோட்டங்களில் வெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நானா ஏற்கனவே சொல்லியிருந்தார். ஜொகூர் பாருவுக்குப் போகிற ஒரு லாரியையும் அவரே பேசிவிட்டார். லாரிக் கூலி, அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் சோறு, ஒரு பாய். மங்கில் இருந்தது அதற்குச் சரியாக இருந்தது. சம்பளம் வருகிற வரைக்கும் மறுபடி மரவள்ளி. யார் காலிலும் விழாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக அந்தக் காலத்தில் அவ்வளவுதான் செலவு. ஆனால் அந்த அவ்வளவு எத்தனை வீட்டில் இருந்தது?

லாரியில் ஏறும்போது பாக்கியம் வந்தாள். முந்தானைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தாள். பார்த்தால், ஸ்டோருக்குப் பின்னாலிருந்து பொறுக்கிய, விளிம்பு உடைந்த ஒரு மங்கு.

"எவ்வளவுடி போடணும் இதுல?" என்றாள்.

"எவ்வளவானாலும் போடு. ஆனா மொதல்ல இதுல போடு. அப்புறந்தான் கருவாடு."

"தலை இனிமே எனக்கேதான்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

தவுக்கே கொடுத்தது ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரைக் குடிசை. கூரை கூரைதானே? அதற்குக் கீழேதான் என் மூத்தவன் பிறந்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் அன்னாசி. கங்காணி பெண்சாதி பார்த்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பாள். அவனுக்கு இப்போது பேரன் எடுக்கிற வயது, அன்னாசியைக் கண்டால் விடமாட்டான்.

"அம்மா, நீங்க எதையெல்லாம் கொறச்சீங்க?" என்று அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து குனிந்தபோதுதான் மண்டபத்துக்குத் திரும்பினேன். விளையாட்டு நோட்டை நான் மூன்று குவியலாக வைத்திருந்தேன், எப்போது வைத்தேனோ. முதல் இரண்டும் அவளுக்குப் புரிந்தது. மூன்றாவதைக் காட்டி, "இது சேமிப்பாம்மா?" என்றாள்.

"இல்லம்மா. போக்குக் காசு."

விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள், பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. அவளிடம் இருந்த தாளில் அதற்குக் கட்டம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு 'இதர செலவு' என்பதில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ரேவதி பேசவே இல்லை. சிங்கப்பூருக்குப் போய்வருகிற வேலை அவளுக்கு, வாய் ஓயாதவள். என்ன என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். வேலையிடத்து மேலதிகாரி மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். எல்லோரும் ஒரே தொகை வைப்பதாகப் பேச்சாம். "கையில இல்ல அத்தை. கிரெடிட் கார்டுல கடனா எடுத்து வச்சுட்டேன். வேலைக்கு ஆள் கொறைக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க, இப்பப் போயி வைக்காம இருக்க முடியுமா?" என்றாள். அப்போதுதான் அவள் எதற்காக அந்த வகுப்புக்குக் கிளம்பினாள் என்று எனக்கு உறைத்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

இப்போது மொய் உறைக்குள் போய்விட்டது. வாயை ஒட்டிவிடுகிறார்கள். எந்த உறைக்குள் யாருடைய கடன் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை. ஊர் கேட்கக் கூப்பிட முத்தையா இல்லை. பெரட்டுக்களம் எந்த வீட்டுமனைக்கு அடியில் போனதோ தெரியாது. மங்குகூடப் பிறகு பீங்கானில் வருவது நின்றுபோனது. 'ஆமாங்க' என்று சொன்னவரும் போய்விட்டார்.

பெக்கான் நானாஸில் அன்னாசி மட்டும் இன்னும் கிடைக்கிறது. அந்த உறையைக் கொண்டுபோய்க் கார்டில் திருப்பிக் கட்டிவிடு என்று ரேவதியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நல்லதாகப் பார்த்து ஒரு கூடை வாங்கி வரப் பெரியவனை அனுப்பியிருக்கிறேன். கூடையைத் தூக்கிக்கொண்டு அவளோடு நானும் போகிறேன். கூப்பிட ஆள் இல்லாவிட்டால் என்ன, எனக்கும் தொண்டை இருக்கிறது.